மருந்து முதல் நாளே வேலையைத் தொடங்குகிறது, மனம் ஏன் வாரக்கணக்கில் காத்திருக்கிறது?

சென்ற இதழில், "மனச்சோர்வுக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஏன் நிறுத்தக்கூடாது என்று சொல்லவில்லை. 31 ஆண்டுகள் மருந்தியல் பாடம் நடத்திய நான் அப்படி விட்டிருக்கக்கூடாது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

"என் கணவருக்கு 52 வயது. ஆறு மாதமாகச் சரியான தூக்கமில்லை, கடைக்குப் போவதில்லை, யாரோடும் பேச்சில்லை. மனநல மருத்துவர் எஸிட்டலோபிராம் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். இன்றோடு 12 நாள். குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. 'தலைவலி மாத்திரை அரை மணியில் கேட்கிறது, இது என்ன மாத்திரை?' என்கிறார். நிறுத்திவிடலாமா?"
— ஒரு வாசகி, கும்பகோணம்

நிறுத்த வேண்டாம் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்து உங்கள் கணவருக்கும் சொல்லுங்கள். அவர் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. மருந்தியல் உலகமே அரை நூற்றாண்டாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது.

அவர் விழுங்கிய மாத்திரை ஏறக்குறைய 5 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவை எட்டிவிடுகிறது. மூளைக்கும் போய்விடுகிறது. அங்கே அதற்கு ஒரே ஒரு முக்கியமான வேலை. நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்குச் செரட்டோனின் என்ற ரசாயனத்தை வெளியே விடும், பேச்சு முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுப்பதற்கென்று செல்லின் சுவரிலேயே ஒரு பம்ப் உண்டு. எஸிட்டலோபிராம் போய் அந்தப் பம்பை அடைத்துக்கொள்கிறது. வெளியே செரட்டோனின் கூடுதலாகத் தங்குகிறது. இது முதல் நாளே நடக்கிறது. அப்படியானால் மனமும் முதல் நாளே தெளிய வேண்டாமா?

இங்கேதான் செல் குறுக்கே வருகிறது. நாம் செய்வதைப் பார்த்துக்கொண்டு அது சும்மா இருப்பதில்லை.

உங்கள் வீட்டு மாடித் தொட்டியில், தண்ணீர் ஏறியதும் மோட்டாரைத் தானே நிறுத்துகிற சென்சார் இருந்தால் இதைப் புரிந்துகொள்வது சுலபம். தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயை யாரோ அடைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். மட்டம் ஏறும். ஏறியதும் சென்சார் மோட்டாரை நிறுத்திவிடும். செரட்டோனினைச் சுரக்கும் செல்களிலும் இதே ஏற்பாடு இருக்கிறது. இந்தச் செல்கள் மூளைத்தண்டில், 'ராஃபே' என்ற சிறு கொத்துகளில் உட்கார்ந்திருக்கின்றன. மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்களில் இவை சில லட்சம்தான். ஆனால் அங்கிருந்து மூளை முழுவதற்கும் இழை அனுப்புகின்றன. இந்தச் செல்களின் உடம்பிலேயே ஒருவகை ஏற்பி இருக்கிறது. ரிசெப்டர் என்று டாக்டர்கள் சொல்வார்களே, அதுதான் ஏற்பி. இதன் பெயர் 5-ஹெச்டி-1ஏ (5-ஹெச்டி என்பது செரட்டோனினின் சுருக்கப் பெயர்). தான் விட்ட செரட்டோனினைத் தானே மோப்பம் பிடித்து, "போதும், நிறுத்து" என்று தன் செல்லுக்கே சொல்லும் ஏற்பி இது.

மாத்திரை பம்பை அடைத்ததும் செல்லைச் சுற்றிலும் செரட்டோனின் ஏறுகிறது. இந்த ஏற்பி அதை உணர்ந்து செல்லின் துடிப்பை, அதாவது அது சேதி அனுப்பும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்ட மாதிரி. 1980-களில் மான்ட்ரியலில் பியர் பிளியேவும் கிளாட் டி மான்டினியும் எலிகளின் மூளையில் நுண்ணிய மின்முனை வைத்து இதை அளந்தார்கள். மருந்து கொடுத்த முதல் இரண்டு நாளில் ராஃபே செல்களின் துடிப்பு நன்றாக இறங்கியது. மருந்தை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருந்தபோது மெல்ல ஏறி, 14 நாளில் பழைய வேகத்துக்குத் திரும்பியது. காரணம், நாள் முழுக்க ஓயாமல் தூண்டப்பட்ட அந்த ஏற்பிகள் மந்தமாகிவிட்டன. சென்சார் அசட்டையாகி, மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது. வெளிக்குழாயோ இன்னும் அடைத்தபடியேதான் இருக்கிறது. இப்போதுதான் மூளையின் மற்ற பகுதிகளுக்குக் கூடுதல் செரட்டோனின் உண்மையாகப் போய்ச் சேருகிறது.

உங்கள் கணவர் 12-ஆம் நாளில் இருக்கிறார். இந்த மாற்றத்தின் நடுவழியில்.

முழுக்கதையும் இதுதான் என்று சொல்லிவிட மாட்டேன். சிலருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே சிறிய முன்னேற்றம் தெரிவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலும் அது நோயாளிக்குத் தெரிவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே கவனித்துப் பாருங்கள். தட்டில் சோறு மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாரா, செய்தித்தாளைப் பிரிக்கிறாரா, கேட்டதற்கு ஒரு வார்த்தையாவது கூடுதலாகப் பதில் சொல்கிறாரா?

குமட்டலுக்கும் செரட்டோனின்தான் காரணம். குடலில் இருக்கும் வேறொரு செரட்டோனின் ஏற்பி, 5-ஹெச்டி-3, தூண்டப்படுகிறது. அதுவும் பழகி அடங்கும், பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில். சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடச் சொல்லுங்கள். நான்கு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் துளி மாற்றம்கூட இல்லையென்றால் மருத்துவரிடம் போங்கள். அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். இடையில் பதற்றம் திடீரென அதிகமானாலோ, வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ அந்த நான்கு வாரத்துக்குக் காத்திருக்கவே கூடாது. அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம். 25 வயதுக்குட்பட்டவர்கள் இந்த மாத்திரையைத் தொடங்கும்போது முதல் சில வாரங்கள் வீட்டார் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். 1988-இல் என் அக்காவுக்கு இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார்கள். 25 மி.கி., நாளைக்கு மூன்று வேளை. இரண்டாம் நாளே வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது, மலச்சிக்கல் வந்தது. எழுதிக் கொடுத்தவர் எத்தனை நாளில் கேட்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினோராம் நாள் அக்கா மிச்ச மாத்திரைகளைக் கிணற்றடியில் கொட்டிவிட்டாள். அப்புறம் எட்டு மாதம் இருட்டறையில் கிடந்தாள். அடுத்துப் பார்த்த மருத்துவர் அவளை எதிரில் உட்காரவைத்து, சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, "முதல் மூன்று வாரம் உங்களுக்குத் தொந்தரவு மட்டும்தான் தெரியும், பலன் தெரியாது. அதற்குச் சம்மதமா?" என்று கேட்டார். அதே மருந்து, அதே அளவு. ஐந்தாவது வாரம் ஒரு காலையில், "டிகாக்ஷன் தண்ணியா இருக்கு" என்று அக்கா குறை சொன்னாள். அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். அந்த எட்டு மாதத்தை ஒரு கோடு மிச்சப்படுத்தியிருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டிசென்சிடைசேஷன், டவுன் ரெகுலேஷன் இரண்டும் ஒன்றா? புத்தகத்தில் ஒரே பத்தியில் வருகிறது. மனச்சோர்வு மருந்துகள் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதால்தான் வேலை செய்கின்றன என்றும் இருக்கிறது. சரியா?"
— ஒரு மாணவர், நாமக்கல்

தம்பி, இரண்டும் ஒன்றல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வருபவை.

பீட்டா அட்ரினலின் ஏற்பியையே எடுத்துக்கொள். மிக நன்றாக ஆராயப்பட்டது அதுதான். அட்ரினலின் வந்து ஒட்டியதும் ஏற்பி, செல்லுக்குள் இருக்கும் ஜி-புரதம் என்ற தூதுப் புரதத்தை எழுப்பிச் சேதியைக் கடத்துகிறது. அட்ரினலின் விலகாமல் அங்கேயே இருந்தால், ஜிஆர்கே என்ற நொதி வந்து ஏற்பியின் வால்பகுதியில் பாஸ்பேட்டுகளை ஒட்டுகிறது. அந்த அடையாளத்தைப் பார்த்து அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்காருகிறது. அது உட்கார்ந்துவிட்டால் ஜி-புரதத்துக்கு இடமில்லை. ஏற்பி சுவரிலேயே இருக்கிறது, ஆனால் ஊமையாகிவிட்டது. இது நொடிகளிலும் நிமிடங்களிலும் நடப்பது. டிசென்சிடைசேஷன் என்பது இதுதான்.

அரெஸ்டின் அதோடு நிற்பதில்லை. சுவரில் கிளாத்ரின் என்ற புரதம் பூசிய குழிகளுக்கு ஏற்பியை இழுத்துப்போய் செல்லுக்குள் தள்ளுகிறது. உள்ளே போன ஏற்பிக்கு இரண்டு வழிகள். பாஸ்பேட் கழற்றப்பட்டுப் புதிதாகச் சுவருக்குத் திரும்பலாம், அல்லது செல்லின் கழிவு அறையான லைசோசோமுக்குப் போய்ச் சிதைக்கப்படலாம். தூண்டுதல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நீடித்தால் இரண்டாவது வழி அதிகமாகிறது. கூடவே செல் அந்த ஏற்பியைப் புதிதாகச் செய்வதையும் குறைத்துக்கொள்கிறது. இப்போது மொத்த எண்ணிக்கையே இறங்கிவிட்டது. அதுதான் டவுன் ரெகுலேஷன். ஊமையான ஏற்பி சீக்கிரம் பேச்சுக்குத் திரும்பும். அழிந்த ஏற்பிக்குப் பதில் புதிதாகச் செய்தாக வேண்டும், அதற்கு நாளாகும். தேர்வில் இந்த வித்தியாசத்தை எழுது. ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் இந்த ஏற்பிக் குடும்பத்தைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2012-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். அரெஸ்டினின் இந்த வேலையை விளக்கியதில் லெஃப்கோவிட்ஸின் ஆய்வகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வெளியில் இதை நீ தினமும் பார்க்கலாம். மூக்கடைப்புக்கு சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு, மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும். ஏற்பிகள் மந்தமாவதும் அதற்கு ஒரு காரணம். எதிர்த்திசையும் உண்டு. தசைக்குப் போகும் நரம்பு அறுந்தால், நரம்பும் தசையும் சேரும் சந்திப்பில் மட்டும் கூடியிருந்த, நரம்பின் சேதியை வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் தசை முழுக்கப் பரவி முளைக்கின்றன. சேதி வரவில்லையென்றால் செல் காதைப் பெரிதாக்கிக்கொள்கிறது. பிபிக்கோ நெஞ்சுவலிக்கோ, பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோப்ரனலோல் சாப்பிடுபவர் அதைத் திடீரென்று விடக்கூடாது என்பதும் இதனால்தான். அடைபட்டிருந்த காலத்தில் பெருகிய பீட்டா ஏற்பிகள் மேல் அட்ரினலின் ஒரே நாளில் வந்து இறங்கும். மாரடைப்புவரை போகலாம்.

உன் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. 1975-இல் வெடுலானியும் சுல்சரும் ஒரு முக்கியமான சங்கதியைக் கண்டார்கள். எலிகளுக்கு மனச்சோர்வு மருந்தை வாரக்கணக்கில் கொடுத்தால் மூளையில் பீட்டா ஏற்பியின் எதிர்வினை குறைகிறது, ஒரே ஒரு வேளை கொடுத்தால் குறைவதில்லை. நோயாளிகளுக்கு ஆகும் தாமதத்தோடு இது அப்படியே பொருந்தியது. மருந்து வேலை செய்வதே இதனால்தான் என்று ஒரு தலைமுறை நம்பியது. நானும் 1990 வரை வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். அப்புறம் செரட்டோனின் பம்பை அடைக்கும் ஃபுளூவாக்ஸெடின் போன்ற மருந்துகள் வந்தன. அவை பீட்டா ஏற்பியை அவ்வளவு நிச்சயமாகக் குறைப்பதில்லை, மனச்சோர்வைக் குறைக்கின்றன. செரட்டோனினின் 5-ஹெச்டி-2 ஏற்பிக்கு வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. மியான்செரின் அந்த ஏற்பியை அடைக்கும் மருந்து. அடைத்தால் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதுதான் விதி, இங்கே குறைகிறது. மின்அதிர்ச்சி சிகிச்சை மனச்சோர்வுக்கு மிக வலுவான சிகிச்சை, எலிகளில் அது இதே ஏற்பியைக் கூட்டுகிறது. ஆகவே "எண்ணிக்கை குறைவதால்தான் குணமாகிறது" என்று ஒரே வாக்கியத்தில் எழுதாதே. ஏற்பிகளின் மாற்றம் தாமதத்துக்கு ஒரு நல்ல விளக்கம். குணமாவதற்கு அதுவே முழு விளக்கம் என்று சொல்ல முடியாது.

"வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறதாமே? தினம் நாலு பழம் சாப்பிட்டால் மாத்திரை தேவைப்படாது அல்லவா?"
— ஒரு வாசகர், தேனி

பழத்தில் இருப்பது உண்மை. ஆனால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் வழியில் ஒரு தடுப்பு இருக்கிறது, செரட்டோனின் அதைத் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. உடம்பின் செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, அதுவும் மூளைக்குப் போவதில்லை. பழம் சாப்பிடுங்கள், நல்லதுதான். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம்.

"செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பது பொய் என்று நிரூபித்துவிட்டார்களாம். அப்படியென்றால் இத்தனை வருடமாக என் மகளுக்குக் கொடுத்த மாத்திரை ஏமாற்று வேலையா?"
— ஒரு வாசகர், திருநெல்வேலி

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது ஐயா. மீதிப் பாதியைப் பற்றித்தான் பேச வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு உங்கள் மகள் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது.

இந்தக் கதை நம் நாட்டு மூலிகை ஒன்றிலிருந்து தொடங்குகிறது. சர்ப்பகந்தி. அதன் வேரைப் பித்துக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தரலாம் என்று 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்தக்கொதிப்பு நோயாளிகளிடம் பயன்படுத்திய அனுபவத்தைப் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் என்ற இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தது. பிபி இறங்கியது. ஆனால் சாப்பிட்டவர்களில் சிலர் காரணமில்லாமல் மனம் இடிந்து உட்கார்ந்துவிட்டார்கள். 1955-இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் குழு, ரெசர்பின் செரட்டோனின் இருப்பைக் காலி செய்கிறது என்று காட்டியது.

இதே காலத்தில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், சீ வியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடனமாடத் தொடங்கினார்கள். அந்த மருந்து, செரட்டோனினையும் நார்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்பு ரசாயனத்தையும் சிதைக்கும் நொதியைத் தடுப்பது பிறகு தெரிந்தது. 1956-இல் சுவிட்சர்லாந்தின் மியூன்ஸ்டர்லிங்கனில் ரோலண்ட் கூன், வேறு மனநோய்க்காகக் கொண்டுவரப்பட்ட இமிப்ரமினை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், கேட்டது. இமிப்ரமின் நார்அட்ரினலின் திரும்ப இழுக்கப்படுவதைத் தடுக்கிறது என்று ஜூலியஸ் ஆக்ஸல்ராட் 1961-இல் காட்டினார்.

இந்த வரிசையைப் பாருங்கள். எந்த நோயாளியின் மூளையையும் அளந்து, குறைவு இருக்கிறது என்று கண்டு, பிறகு மருந்து தேடவில்லை. மருந்துகள் தற்செயலாகக் கிடைத்தன. அவை கூட்டுவதைப் பார்த்து, "ஆக, நோயில் இது குறைந்திருக்க வேண்டும்" என்று பின்னோக்கி ஊகித்தார்கள். ஊகமாக அது தப்பில்லை. பிறகு வந்த விளம்பரங்கள் அந்த ஊகத்தை உண்மை என்று விற்றன, எங்களைப் போன்ற பல ஆசிரியர்களும் சுலபமாக இருக்கிறதே என்று அதையே சொல்லிக்கொடுத்தோம். அது தவறு. 2022-இல் லண்டனைச் சேர்ந்த ஜோவன்னா மோன்க்ரீஃபும் அவர் குழுவும் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசி, மனச்சோர்வில் செரட்டோனின் குறைந்திருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதினார்கள். நீங்கள் படித்த செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் நோய் எதனால் வந்தது என்பது ஒரு கேள்வி, மருந்து கேட்கிறதா என்பது வேறு கேள்வி. பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்தான பீட்டா பிளாக்கர் பிபியைக் குறைக்கிறது. அதை வைத்து, பிபிக்குக் காரணம் அட்ரினலின் மிகுதிதான் என்று யாரும் சொல்வதில்லை. பிபி குறைகிறது என்பது மட்டும் உண்மை. மனச்சோர்வு மருந்து கேட்கிறதா என்பதற்கு 2018-இல் ஆண்ட்ரியா சிப்ரியானியின் குழு 522 ஆய்வுகளை, 1,16,477 நோயாளிகளை வைத்துக் கணக்கிட்டது. பார்த்த 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. வித்தியாசம் சராசரியில் மிதமானதுதான். ஒருவருக்கு வாழ்க்கையே திரும்பி வரும், இன்னொருவருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் மகள் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கும் அவளுக்கும் தெரியும். மாத்திரை தொடங்குவதற்கு முன் அவள் எப்படி இருந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள்? அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

மருந்து எப்படித்தான் வேலை செய்கிறது என்ற தேடல் நிற்கவில்லை. 2021-இல் ஹெல்சின்கியில் ஈரோ காஸ்ட்ரேனின் குழு, இந்த மருந்துகள் டிஆர்கே-பி என்ற ஏற்பியோடு நேரடியாகவே ஒட்டுவதாகக் காட்டியது. நரம்பு செல் புதிய இணைப்புகளை வளர்க்க உதவும் ஏற்பி அது. அப்படியானால், மருந்து நேரடியாக மகிழ்ச்சியைக் கூட்டவில்லை, மூளையை மறுபடி மாறக்கூடிய நிலைக்குக் கொண்டுவருகிறது என்று ஆகும். எனக்கு இந்த வழி நம்பிக்கை தருகிறது. மருந்தோடு பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் கூடுதல் பலன் கிடைப்பதற்கு அதில் ஒரு விளக்கமும் இருக்கிறது.

"கெட்டமைன் கொடுத்தால் ஒரே நாளில் மனச்சோர்வு போய்விடுமா?"
— ஒரு வாசகி, புதுச்சேரி

கெட்டமைன் அறுவை சிகிச்சைக்குத் தரும் மயக்கமருந்து. அதனால் சிலருக்குச் சில மணி நேரத்தில் மனச்சோர்வு குறைகிறது, உண்மைதான். 2000-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மிகச் சில நோயாளிகளிடம் முதலில் பார்த்தார்கள். 2019 மார்ச்சில் அதன் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் மூக்குத் தெளிப்புக்கு அமெரிக்கா அனுமதி தந்தது, மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்கு மட்டும். பிபி ஏறும், சுற்றிலும் உள்ளதிலிருந்து விலகிப்போன மாதிரி ஒரு மயக்கம் வரும். அதனால் கொடுத்த பின் இரண்டு மணி நேரம் மருத்துவமனையிலேயே கண்காணிப்பார்கள். ஒரு முறை கொடுத்தால் பலன் சில நாள்தான் நிற்கும். இது செரட்டோனின் வழியில் போவதில்லை, குளூட்டமேட் என்ற வேறொரு நரம்பு ரசாயனத்தின் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கிறது. மேலே சொன்ன தாமதக் கணக்குக்கு இது ஒரு முக்கியமான சான்று. மனச்சோர்வு விலக வாரக்கணக்கு கட்டாயம் என்றில்லை. தாமதம் நாம் போகும் பாதையில் இருக்கிறது.

"செர்ட்ராலின் சாப்பிடுகிறேன். இருமலுக்கு மருந்துக்கடையில் கேட்டு எந்த சிரப்பும் வாங்கலாமா?"
— ஒரு வாசகர், ஈரோடு

டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்ததை வாங்காதீர்கள். வலிக்குத் தரும் டிரமடால், கிருமிக்குத் தரும் லினசோலிட் இரண்டும் அப்படியே. செர்ட்ராலினும் எஸிட்டலோபிராம் போலச் செரட்டோனின் பம்பை அடைக்கும் மருந்துதான், இவற்றோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறிப்போகலாம். வியர்வை, கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குழப்பம் என்று ஒன்றாக வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்தச் சீட்டு எழுதும் மருத்துவரிடமும் "செர்ட்ராலின் சாப்பிடுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"பராக்ஸெடின் 20 மி.கி. 14 மாதம் சாப்பிட்டேன். நன்றாக ஆகிவிட்டது. வெளியூர் போனபோது மாத்திரை தீர்ந்தது, சரி போதும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தலைசுற்றல். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறது. காரணமில்லாமல் அழுகை வருகிறது. நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா?"
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இல்லை. இந்தப் பயத்தை முதலில் விடுங்கள். அடிமைத்தனம் என்றால் அதைத் தேடி மனம் அலையும், அளவு கூடிக்கொண்டே போகும். நீங்கள் 14 மாதமும் ஒரே 20 மி.கி.தான் சாப்பிட்டீர்கள். தீர்ந்ததும் கவலையில்லாமல் விட்டும்விட்டீர்கள்.

நடந்தது, மேலே கும்பகோணத்துச் சகோதரிக்குச் சொன்னதன் மறுபக்கம். 14 மாதமாக உங்கள் செல்கள் கூடுதல் செரட்டோனினுக்கு ஏற்பத் தம் ஏற்பிகளை மாற்றி அமைத்துக்கொண்டுவிட்டன. மருந்து போய்விட்டது, அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. பழகிக்கொள்ள வாரங்கள் எடுத்த செல், பழையபடி திரும்பவும் வாரங்கள் எடுக்கும். பராக்ஸெடினோ சீக்கிரம் வெளியேறும் மருந்து. ஏறக்குறைய 21 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும், நான்கைந்து நாளில் ஒன்றுமிருக்காது. ஃபுளூவாக்ஸெடினும் அதன் விளைபொருளும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கி மெல்லக் கரையும். அதனால் அதை விடுபவர்களுக்கு இந்தத் தொந்தரவு குறைவு.

பழைய மனச்சோர்வே திரும்புகிறதோ என்றும் நீங்கள் நினைக்கலாம். நோய் திரும்புவதென்றால் பொதுவாக மெல்ல, வாரங்களோ மாதங்களோ கழித்து வரும். அதில் ஷாக் அடிக்காது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ஷாக்கும் சுற்றலுமாக வந்து, மாத்திரையை மறுபடி தொடங்கினால் ஓரிரு நாளில் அடங்குவது நிறுத்தியதன் விளைவு.

இனி எப்படி விடுவது? இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் நீங்களே மருத்துவரிடம் பேச முடியும். சிட்டலோபிராம் என்ற இதே குடும்பத்து மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மி.கி. கொடுத்தால் மூளையின் பம்புகளில் ஏறக்குறைய 80 சதவீதம் அடைபடும். 40 மி.கி. கொடுத்தால் 86 சதவீதம்தான். ஆனால் 5 மி.கி.யிலேயே ஏறக்குறைய 60 சதவீதம் அடைபட்டுவிடுகிறது. அதாவது 40-லிருந்து 20-க்கு இறங்கும்போது செல்லுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. கடைசி 5 மி.கி.யிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் பெரிய பள்ளம். "பாதி மாத்திரை இரண்டு வாரம், அப்புறம் நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லப்பட்ட பலர் அந்தக் கடைசிப் படியில்தான் தடுக்கி விழுகிறார்கள். 2019-இல் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, கீழே போகப்போக இன்னும் சின்னச்சின்னப் படியாகக் குறைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அது சரியான யோசனை என்பது என் எண்ணம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது என்று ஒரு வழக்கம் ஊரில் இருக்கிறது. பராக்ஸெடினுக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். 48 மணி நேரத்தில் மருந்து கால் பங்குக்கும் கீழே போய், மறுபடி ஏறி, மறுபடி இறங்கும். செல்லைத் தினமும் உலுக்குவதற்குச் சமம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, காலியான பட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் போவது. பெரும்பாலும் மறுபடி தொடங்கச் சொல்வார். உடம்பு அமைதியானதும் குறைக்கும் திட்டத்தைக் கேளுங்கள். 20-க்குக் கீழே எந்தெந்த அளவு, சின்ன அளவுக்கு மாத்திரையை உடைப்பதா திரவ மருந்தா, ஒவ்வொரு படியிலும் எத்தனை வாரம் நிற்பது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் வீட்டுக் காலண்டரில் அன்றைய தேதியில் அளவைக் குறித்துவையுங்கள். ஷாக் திரும்பி வந்தால் முந்தின படிக்கு ஏறிக்கொண்டு, அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.